சிறு கருவிகளில் வைஃபை: இணைவதும், அறுந்த பின் மீள்வதும்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பொருத்தப்பட்டு, நீர்மட்டம் எவ்வளவு என்பதைக் கைப்பேசிக்குத் தெரிவிக்கும் ஒரு சிறிய கருவியை எடுத்துக்கொள்வோம். அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, இணைப்பு போய்விட்டால் அருகில் நின்று மறுபடி முயன்று பார்க்க ஆளும் கிடையாது. உள்ளே இருப்பவை தூரத்தை அளக்கும் ஒரு மீயொலி சென்சார், மின்சாரம் தரும் ஒரு சிறு பகுதி, வைஃபை வசதியுள்ள ஒரு சிப் ஆகியவைதான். கைப்பேசியோ மடிக்கணினியோ இணையத்தில் சேரும்போது நாம் கவனிக்காமலே நடந்து முடிந்துவிடும் வேலைகள் அனைத்தையும் இந்தச் சிப் யாருடைய உதவியும் இல்லாமல், மிகக் குறைந்த நினைவகத்தையும் மின்சாரத்தையும் வைத்துக்கொண்டு தானே செய்து முடிக்க வேண்டும். அந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகும்: ஒரு சிறு கருவியை வைஃபையில் சேர்ப்பது இன்று எளிது, சேர்ந்த இணைப்பு அறுந்துபோகும்போது, யாரும் தொடாமலே அது மீண்டும் சேர்ந்துகொள்ளும்படி செய்வதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது.

முதல் பாதி இவ்வளவு எளிதானதற்கு ஒரு குறிப்பிட்ட சிப் பெரிய காரணம். ஷாங்காய் நகரைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 என்ற சிப், 2014-இல் ஈஎஸ்பி-01 என்ற எட்டுக் கால்கள் கொண்ட சிறு மாட்யூலாகப் பரவலாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு, கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்பான நுண்கட்டுப்படுத்தியோடு வைஃபையைச் சேர்க்க விரும்பியவர்கள் அந்த நுண்கட்டுப்படுத்தியைவிடப் பல மடங்கு விலையுள்ள தனிப் பலகைகளை வாங்க வேண்டியிருந்தது. இந்த மாட்யூலோ சில டாலருக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் அதை ஒரு மோடமாகத்தான் பயன்படுத்தினார்கள். 1981-இல் ஹேஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த ஏடி கட்டளைகளின் வழியில் அமைந்த சிறு எழுத்துக் கட்டளைகளை வேறொரு நுண்கட்டுப்படுத்தி அனுப்ப, ஈஎஸ்பி-01 அவற்றின்படி வைஃபையில் சேர்ந்து தரவை அனுப்பியது. ஆவணங்கள் முதலில் சீன மொழியில் மட்டுமே கிடைத்ததால், உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்தும் சோதித்தும் அந்தச் சிப்பின் இயல்புகளைக் கண்டறிந்தார்கள். மோடம் என்று விற்கப்பட்ட அந்தச் சிப்புக்குள் முழு நிரலையும் ஓட்டக்கூடிய 32-பிட் செயலி இருக்கிறது என்பதும், வெளியே இன்னொரு நுண்கட்டுப்படுத்தி தேவையே இல்லை என்பதும் விரைவில் தெரியவந்தன. அதே ஆண்டிலேயே நிறுவனம் நிரல் எழுதுவதற்கான மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. 2015 முதல், தொடக்கநிலையினர் பரவலாகப் பயன்படுத்தும் ஆர்டுயினோ என்ற நிரலாக்கச் சூழலிலிருந்தே அதற்கு நிரல் எழுத முடிந்தது. இரட்டைச் செயலியும் புளூடூத்தும் கொண்ட ஈஎஸ்பி32 என்ற அடுத்த சிப் 2016-இல் வந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஈஎஸ்பி32 வரிசையைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் எல்லைகள் எங்கே இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, வசதி குறைந்த பழைய சிப்பே நல்ல ஆசிரியர் என்பதால் இங்கே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

ஈஎஸ்பி8266-இன் செயலி வழக்கமாக 80 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. தரவுகளை வைத்துக்கொள்ள அதில் இருக்கும் நினைவகம் ஏறத்தாழ 80 கிலோபைட். வைஃபைக்கும் இணைய நெறிமுறைகளுக்கும் போக, நம் நிரலுக்கு மிஞ்சுவது 50 கிலோபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. இவ்வளவு குறுகிய இடத்தில் இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறைகள் எப்படி ஓடுகின்றன என்ற கேள்வி எழுவது இயல்பு. சுவீடன் கணினி அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆடம் டன்கெல்ஸ், 2000-களின் தொடக்கத்தில் எல்டபிள்யூஐபி என்ற மென்பொருளை எழுதினார். சில பத்து கிலோபைட் நினைவகம் இருந்தாலே டிசிபி/ஐபியை முறையாக ஓட்டலாம் என்பதை அது நடைமுறையில் காட்டியது. திறமூல மென்பொருளாக இன்றும் வளர்ந்துவரும் அதுவே ஈஎஸ்பி சிப்புகளுக்குள்ளும் இயங்குகிறது.

இனி காற்றில் நடப்பதைப் பார்ப்போம். இந்தச் சிப் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே. இன்னும் துல்லியமாகச் சொன்னால், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. குறைந்த திறனில் ஒலிபரப்பும் கருவிகள் உரிமம் இல்லாமலே இந்தப் பகுதியைப் பயன்படுத்தப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. இந்தியாவில் இதற்கான விதிகள் 2005-இல் வந்தன. யாரும் பயன்படுத்தலாம் என்பதாலேயே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் ஒலிபெருக்கி, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாமே அதே இடத்தில்தான் நெரிகின்றன. இந்தப் பகுதியைச் சானல்களாகப் பிரித்திருந்தாலும், அடுத்தடுத்த சானல்களின் மையங்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை சிக்னலோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்று சானல்கள் மட்டுமே.

தொடக்கநிலையினர் பலரைத் தடுமாற வைக்கும் ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டிலும் ஒரே பெயரில் ஒலிபரப்பக்கூடியவை. எனவே 2.4 பகுதி அணைந்திருந்தால், கைப்பேசியில் பளிச்சென்று தெரியும் நெட்வொர்க் சிப்பின் பட்டியலில் தெரியாமல் போகலாம். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, அந்த அலைவரிசையைக் கேட்கும் வசதியே ஈஎஸ்பி8266-க்கு இல்லை என்பதுதான் காரணம். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அணைக்கப்பட்டிருந்தாலோ, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தாலோ, ஆர்டுயினோ சூழலில் எழுதும் நிரலில் எத்தனை வரிகளை மாற்றினாலும் பயன் இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு, அதாவது 3 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கடத்தி இருந்தால் அது நல்ல ஆன்டெனாவாக வேலை செய்யும். மாட்யூலின் ஓரத்தில் வளைந்து வளைந்து செல்லும் செம்புக் கோடு அதுதான். அதை உலோகப் பெட்டிக்குள் வைத்தாலோ அதன் அடியில் கம்பிகளை ஓட்டினாலோ சிக்னல் கடுமையாகக் குறையும். கான்கிரீட் தளமும் அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் அலையைத் தடுக்கின்றன. நிரம்பிய தண்ணீர்த் தொட்டியும் பெரிய தடைதான். ஆகவே சென்சாரைத் தொட்டியின் மேலே வைத்தாலும், சிப் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியை மாடிப்படியின் பக்கம், ரவுட்டரை நோக்கிய சுவரில் வைப்பது நல்லது. சிப் தனக்குக் கிடைக்கும் சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் சொல்லும். அது எப்போதும் எதிர்மறை எண்ணாக இருக்கும். 10 குறைந்தால் பெறப்படும் திறன் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். -50 என்றால் மிக நன்று. -80-ஐத் தொட்டால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்று எதிர்பார்க்கலாம். எந்த நிரலையும் எழுதுவதற்கு முன், கருவியை வைக்கப்போகும் இடத்தில் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது பிற்பாடு வரும் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

சிக்னல் போதுமானதாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கருவிக்கு மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து நடப்பவை இவை. ரவுட்டர்கள் பொதுவாக நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை, தம் பெயரையும் தாம் ஏற்கும் பாதுகாப்பு முறையையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. சிப் ஒவ்வொரு சானலாகச் சென்று இந்த அறிவிப்புகளைத் தேடி, தனக்குச் சொல்லப்பட்ட பெயர் கிடைத்ததும் அந்த ரவுட்டரிடம் சேர அனுமதி கேட்கிறது. அடுத்து, தனக்குக் கடவுச்சொல் தெரியும் என்பதை அந்தக் கடவுச்சொல்லைக் காற்றில் சொல்லாமலே நிரூபிக்க வேண்டும். டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல்லும் நெட்வொர்க்கின் பெயரும் சேர்ந்து 4096 சுற்றுகள் கொண்ட ஒரு கணக்கீட்டுக்கு உள்ளாகி 256-பிட் சாவியாகின்றன. சுற்றுகள் இவ்வளவு இருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க நினைப்பவர் ஒவ்வொரு ஊகத்துக்கும் இந்த விலையைக் கொடுக்க வேண்டும். பின்னர் ரவுட்டரும் சிப்பும் தற்செயல் எண்களைப் பரிமாறி, நான்கு செய்திகளில் ஒன்றையொன்று சரிபார்த்து, அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமான புதிய சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் இணைப்பு அறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது கருவி வைஃபையில் சேர்ந்துவிட்டது. ஆனால் இணையத்தை இன்னும் எட்டவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் கோளாறு எங்கே என்று தேடும்போது இந்தப் பிரிவினைதான் வழிகாட்டும். அடுத்ததாகக் கருவி டிஎச்சிபி முறையில் ஒரு முகவரி கேட்கிறது, ரவுட்டர் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குகிறது. சர்வரின் பெயரை டிஎன்எஸ் மூலம் எண் முகவரியாக மாற்றிக்கொண்டு, அந்த முகவரியுடன் மூன்று பாக்கெட்டுகளின் பரிமாற்றத்தில் டிசிபி இணைப்பைத் தொடங்குகிறது. பேச்சு மறைகுறியாக்கப்பட வேண்டுமானால் அதன்மேல் டிஎல்எஸ் வருகிறது. நினைவகம் மிகவும் திணறுவது இங்கேதான்: டிஎல்எஸ்ஸில் ஒரு துண்டு 16 கிலோபைட் வரை இருக்கலாம் என்பதால், அதைப் பெறுவதற்கு மட்டுமே அவ்வளவு இடத்தை ஒதுக்க வேண்டும். சிறிய துண்டுகளாக அனுப்பும்படி சர்வரிடம் கேட்டுக்கொள்ளும் வசதி டிஎல்எஸ்ஸில் உண்டு. சர்வர் அதற்கு இணங்கினால் ஈஎஸ்பி8266 சற்று மூச்சுவிடும்.

டிஎல்எஸ்ஸுக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது: கருவிக்கு இன்றைய தேதி தெரிந்திருக்க வேண்டும். சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பதைச் சரிபார்க்கத் தேதி வேண்டும். ஆனால் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லாத இச்சிப், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 1970 ஜனவரி 1 என்றே நினைத்துக்கொள்கிறது. அந்த நாளின் கண்ணுக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் செல்லத் தொடங்காதவை. எனவே என்டிபி சர்வர் ஒன்றிடம் முதலில் நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் பாதுகாப்பான இணைப்பைத் தொடங்க வேண்டும். இந்த வரிசை மாறினால், நிரல் சரி, கடவுச்சொல் சரி, இணையமும் சரி என்ற நிலையிலும் இணைப்பு கிடைக்காது. அந்த நிலையில் சான்றிதழைச் சரிபார்க்காமலே இணைந்துவிடும்படி நிரலை மாற்றி ஆறுதல் அடைவது பரவலான வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. எதிரே இருப்பது யார் என்று பார்க்காத மறைகுறியாக்கம், இடையில் புகுந்து சர்வராக நடிப்பவனுக்குக் கதவைத் திறந்தே வைக்கிறது.

திரையும் விசைப்பலகையும் இல்லாத கருவிக்கு வீட்டு வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் முதலில் எப்படிப் போய்ச் சேரும்? பயிற்சிக்காக எழுதும் நிரலில் அவற்றை நேரடியாக எழுதிவிடலாம். மற்றவர்கள் பயன்படுத்தப்போகும் கருவியில் அது ஆகாது. பரவலான வழி, கருவி முதல் முறை விழிக்கும்போது தானே ஒரு சிறிய ரவுட்டராக மாறி, தன் பெயரில் ஒரு நெட்வொர்க்கை அறிவிப்பதாகும். கைப்பேசி அதில் சேர்ந்து 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்தால் ஒரு சிறு பக்கம் வரும்; அதில் வீட்டு வைஃபையின் விவரங்களைத் தந்தவுடன் கருவி அவற்றைச் சேமித்துக்கொண்டு, ரவுட்டர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டு நெட்வொர்க்கில் சேரும். ஈஎஸ்பி32-இல் இதையே புளூடூத் வழியாகவும் செய்யலாம்.

இணைந்த பின் நீர்மட்டத்தை எப்படி அனுப்புவது? 192.168 என்று தொடங்குபவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள் என்பதால், வெளியூரில் இருக்கும் கைப்பேசி நேராகக் கருவியை அழைக்க முடியாது. கருவிதான் வெளியே சென்று ஒரு சர்வருடன் இணைப்பைத் தொடங்கி, அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கைப்பேசியும் அதே சர்வரிடம் வரும். இதற்கென இன்று மிகப் பரவலாக உள்ள நெறிமுறை எம்க்யூடிடி. ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். செயற்கைக்கோள் இணைப்பு விலை மிகுந்தது, வேகம் குறைந்தது, நம்பகமற்றது. அந்தச் சூழலுக்காக வடிவமைக்கப்பட்டதாலேயே இந்நெறிமுறை சிறு கருவிகளுக்கு அப்படியே பொருந்திப்போனது. இதில் புரோக்கர் என்ற சர்வர் ஊர்ப் பொது அறிவிப்புப் பலகையைப் போன்றது: கருவி ‘வீடு/தொட்டி/மட்டம்’ என்ற தலைப்பின்கீழ் 62 என்று எழுதிவிட்டுப் போகும், அந்தத் தலைப்பில் அக்கறை உள்ளவர்கள் அனைவருக்கும் அது போய்ச் சேரும், எழுதியவருக்குப் படிப்பவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. கடைசியாக எழுதியதைப் பலகையிலேயே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டால், பின்னால் வந்து சேரும் கைப்பேசியும் அதை உடனே பெறும். இதே 62-ஐ வலைப்பக்கங்களுக்கான எச்டிடிபி மூலம் அனுப்பினால், இரண்டு எழுத்துச் செய்திக்காகச் சில நூறு பைட் முகப்பு வரிகள் உடன் செல்லும். எம்க்யூடிடியின் நிலையான முகப்புப் பகுதி இரண்டு பைட்டிலேயே அடங்கிவிடலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம், நல்ல நாளில் நடப்பவை. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மின்சாரம் திரும்பிய கணத்தில் கருவியும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. கருவி ஒரு நொடிக்குள் தயாராகி ரவுட்டரைத் தேடுகிறது. ரவுட்டருக்கோ முழுமையாக எழ ஒன்றிரண்டு நிமிடங்கள் ஆகலாம். பத்து முறை முயன்று கிடைக்காவிட்டால் நிறுத்திவிடு என்று நிரலில் எழுதியிருந்தால், ரவுட்டர் எழுவதற்குள் கருவி தோல்வியை ஏற்றுக்கொண்டு அமர்ந்துவிடும். யாராவது மாடியேறிப் போய் அதை அணைத்துப் போடும்வரை நீர்மட்டம் தெரியாது. மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது இந்தக் குறை தலைகாட்டுவதே இல்லை, ஏனெனில் அங்கே ரவுட்டர் எப்போதும் விழித்திருக்கிறது. எனவே முதல் விதி, முயற்சியை ஒருபோதும் கைவிடக்கூடாது. இரண்டாவது, இடைவிடாமல் முட்டிக்கொண்டும் இருக்கக்கூடாது. முதல் தோல்விக்குப் பின் ஒரு நொடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஐந்து நிமிடம் போன்ற ஓர் உச்சத்தில் நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். ஒவ்வொரு இடைவெளியோடும் ஒரு சிறு தற்செயல் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு பகுதி முழுவதும் மின்சாரம் திரும்பும்போது, ஒரே நிரலை ஓட்டும் ஆயிரம் கருவிகள் ஒரே நொடியில் சர்வரை மோதாமல் இருக்க அதுவே உதவும்.

அறுந்தது அறுந்ததாகத் தெரியாமல் போவது இதைவிட நுட்பமான சிக்கல். டிசிபி இணைப்பு என்பது இரு முனைகளும் நினைவில் வைத்திருக்கும் ஓர் உடன்பாடு மட்டுமே. நடுவில் எந்தக் கம்பியும் இல்லை. ரவுட்டர் திடீரென்று அணைந்து எழுந்தாலோ, வெளியே ஃபைபர் துண்டிக்கப்பட்டாலோ, கருவி தரவு எதையும் அனுப்பாதவரை இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். மறுமுனையும் அப்படியே நம்பும். இதற்காகத்தான் எம்க்யூடிடியில் உயிர்த்துடிப்பு போன்ற ஓர் ஏற்பாடு உள்ளது. 60 நொடிக்குள் ஏதாவது ஒரு செய்தி அனுப்புவேன் என்று கருவி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் சிறு துடிப்பு ஒன்றை அனுப்பி, அதற்குப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. அந்தக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் எதுவும் வராவிட்டால், புரோக்கர் இணைப்பை முறித்துவிட்டு, கருவி சேரும்போதே ஒப்படைத்திருந்த இறுதிச் செய்தியை வெளியிடும். ‘தொட்டிக் கருவி இணைப்பில் இல்லை’ என்ற செய்தி கைப்பேசிக்கு வந்தால், திரையில் இருக்கும் 62 என்பது பழைய கணக்கு என்று வீட்டார் அறிந்துகொள்வார்கள். பழைய அளவைப் புதியது போலக் காட்டும் கருவி, எதையும் காட்டாத கருவியைவிடத் தீங்கானது என்பதால், இந்த ஏற்பாட்டை விருப்பத் தேர்வாக நான் கருதுவதில்லை.

இணையம் இல்லாத நேரத்தில் எடுத்த அளவுகளை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு பகுதியையும் ஏறத்தாழ 1,00,000 முறைதான் அழித்து எழுத முடியும் என்பதே வழக்கமான அளவு. ஒரே பகுதியை நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதினால், நாளுக்கு 1440 என்ற கணக்கில் 70 நாளுக்குள் அந்த எல்லை வந்துவிடும். தற்காலிக நினைவகத்தில் சேர்த்துவைத்து, இடம் நிறைந்தால் மிகப் பழையதை விட்டுவிடுவது தொட்டிக்குப் போதுமானது. நிரலே எங்காவது சிக்கி நின்றுவிட்டால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் டைமரையும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி மோட்டாரையும் கட்டுப்படுத்துமானால், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் முடிவு சிப்புக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். அந்த முடிவு சர்வருக்குப் போய்த் திரும்பி வரும்படி அமைத்தால், இணையம் இல்லாத ஒவ்வொரு முறையும் தண்ணீர் வழிந்து ஓடும்.

மின்சாரத்தைப் பற்றித் தனியே பேச வேண்டும். ஈஎஸ்பி8266 வைஃபையில் இருக்கும்போது சராசரியாக ஏறத்தாழ 80 மில்லிஆம்பியர் எடுக்கிறது. ஒலிபரப்பும் கணங்களில் இது 300-ஐயும் தாண்டித் துள்ளலாம். கணினியோடு இணைக்கும் சில யுஎஸ்பி-சீரியல் மாற்றிகளின் 3.3 வோல்ட் முனை 50 மில்லிஆம்பியர் மட்டுமே தரக்கூடியது. அதிலிருந்து மின்சாரம் எடுத்தால், சிப் அமைதியாக இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். வைஃபையில் சேர முயலும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து மறுதொடக்கம் ஆகும், மீண்டும் முயலும், மீண்டும் சரியும். நிரலில் பிழை தேடி நாள்களைச் செலவிடும் முன், போதிய திறனுள்ள மின்வழங்கியும் சிப்பின் அருகே சில நூறு மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

பேட்டரியில் ஓடவேண்டுமானால் கணக்கு இன்னும் கடுமையானது. 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, 80 மில்லிஆம்பியர் தொடர்ந்து எடுத்தால் 25 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வழி ஒன்றுதான்: பெரும்பாலான நேரம் தூங்க வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில் இந்தச் சிப் எடுப்பது ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியர். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 5 நொடியில் அளந்து அனுப்பிவிட்டுத் தூங்கினால் சராசரி 0.46 மில்லிஆம்பியராகக் குறைந்து, அதே பேட்டரி ஏறத்தாழ 6 மாதம் வரும். அந்த 5 நொடியை ஒரு நொடியாக்க முடிந்தால், பேட்டரியின் இயல்பான கசிவைக் கணக்கில் எடுக்காமல், இரண்டு ஆண்டைத் தாண்டும். அந்த நேரத்தில் பெரும்பகுதி ரவுட்டரைத் தேடுவதிலும் முகவரி கேட்பதிலும் போகிறது என்பதால், போன முறை கிடைத்த சானல் எண்ணையும் ரவுட்டரின் அடையாள எண்ணையும் தூக்கத்திலும் அழியாத 512 பைட் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நிலையான முகவரியையும் கொடுத்துவிட்டால் சேரும் நேரம் வெகுவாகக் குறையும். ரவுட்டர் சானலை மாற்றிவிட்டால் இந்தக் குறுக்குவழி தோற்கும். அப்போது முழுத் தேடலுக்குத் திரும்பும் வழியும் நிரலில் இருக்க வேண்டும். தூங்கும் கருவியைக் கைப்பேசியிலிருந்து அழைக்க முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. பயிற்சிப் பலகைகளில் காணப்படும் ஏஎம்எஸ்1117 என்ற மின்னழுத்தச் சீரமைப்பி, சிப் தூங்கினாலும் தானே ஏறத்தாழ 5 மில்லிஆம்பியரை விழுங்கும். அந்தப் பலகையில் எவ்வளவு நன்றாகத் தூங்கினாலும் மூன்று வாரம்கூடத் தாங்காது.

பாதுகாப்பில் மிக அடிப்படையானது, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து அனுப்பாமல் இருப்பது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றி, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கப் பயன்படுத்தியது. உலகப் புகழ்பெற்ற பல தளங்கள் அன்று பலருக்குத் திறக்கவில்லை. அடுத்தது, கண்டறியப்படும் குறைகளைச் சரிசெய்ய, கருவிக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை வைஃபை வழியாகவே புதுப்பிக்கும் வசதி. ஈஎஸ்பி32-இல் ஃபிளாஷை இரு இடங்களாகப் பிரித்து, ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றில் புதியதை எழுதி, புதியது சரியாக எழாவிட்டால் பழையதற்கே திரும்பும்படி அமைக்கலாம்.

வீட்டுத் தொட்டிக்கு வைஃபை பொருத்தம். வயல் நடுவில் இருக்கும் கிணற்றுக்கு அது பொருந்தாது. அங்கே லோரா போன்ற நெடுந்தூர வானொலி முறைகள் பயன்படுகின்றன. இந்தியாவில் அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கி, திறந்த வெளியில் சில கிலோமீட்டர் தூரத்தை மிகக் குறைந்த மின்சாரத்தில் எட்டுகிறது. பதிலுக்கு வேகம் மிகக் குறைவு, ஒரு முறைக்குச் சில பத்து பைட்டுகளை அனுப்பலாம், அவ்வளவுதான். அந்த அமைப்பில் சென்சாருக்கு ஐபி முகவரியே இராது, ரவுட்டரின் கடவுச்சொல்லும் டிஎன்எஸ்ஸும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் கரையில் மின்சாரத்தோடு இருக்கும் கேட்வே என்ற ஒரு பெட்டி ஏற்றுக்கொள்கிறது. மின்வெட்டுக்குப் பின் எழுவது, இடைவெளி விட்டு முயல்வது, அறுந்ததை உணர்வது ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டியின் நிரலில் எழுதப்பட வேண்டியவையாக மாறுகின்றன.